மூன்றாவது நாற்காலி

கேள்வி: 14 ஆண்டுகளாக உளச்சிகிச்சையாளராக இருக்கிறேன். நாள்தோறும் ஆறு பேரின் துயரத்தைக் கேட்டுவிட்டு வீடு திரும்பினால், வீட்டில் இருப்பவர்கள் பேசுவது காதில் ஏறுவதில்லை. அண்மையில் ஒரு நிறுவனத்தின் மனிதவளத் தலைவர், தங்கள் உயர் நிர்வாகிகளுக்குக் கோச்சிங், அதாவது வேலையில் இலக்குகளை எட்ட உதவும் தனி உரையாடல் வழிகாட்டல், தர முடியுமா என்று கேட்டார். ஆசையாக இருக்கிறது. கஷ்டப்படுகிறவர்களை விட்டுவிட்டு வசதியானவர்களிடம் போகிறேனோ என்ற உறுத்தலும் இருக்கிறது. புதிதாகச் சான்றிதழ் வாங்க வேண்டுமா? முன்பு என்னிடம் சிகிச்சைக்கு வந்த ஒருவர் இன்று பெரிய பதவியில் இருக்கிறார். முதல் ஆளாக வரத் தயார் என்கிறார். ஏற்கலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உறுத்தலை முதலில் முடித்துவிடுவோம். காது அடைத்துப்போன சிகிச்சையாளரிடம் வந்து உட்காருவதைவிட, வேறொரு நல்ல சிகிச்சையாளரிடம் அனுப்பிவைக்கப்படுவதுதான் உங்களிடம் வருகிறவர்களுக்கு நல்லது. அதில் துரோகம் ஒன்றும் இல்லை.

என்னை உறுத்தியது வேறு: அந்த ஆறு என்ற எண். அதை நான்காகக் குறையுங்கள். மூன்று வாரம் விடுப்பு எடுங்கள். உங்கள் சிகிச்சைப் பணிக்கு வழிகாட்டும் மூத்த சிகிச்சையாளரிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அதற்குப் பிறகும் ஆசை இருந்தால் அது ஆசை. இல்லாவிட்டால் வெறும் களைப்பு. களைப்புக்குப் பயந்து இடம் மாறிப் பயனில்லை, ஏனென்றால் கோச்சிங் அறையிலும் மனிதர்கள் அழுவார்கள். 2009-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ 140 கோச்களிடம் விசாரித்தது. நிர்வாகிகளின் சொந்த வாழ்க்கைப் பிரச்சினைக்காகவே அமர்த்தப்பட்டதாகச் சொன்னவர்கள் 3 சதவீதம். அப்படிப்பட்ட பிரச்சினைகளில் உதவியிருப்பதாக ஒப்புக்கொண்டவர்களோ 76 சதவீதம்!

சான்றிதழ் விஷயம் எளிது. கோச் என்று பெயர்ப்பலகை மாட்ட பெரும்பாலான நாடுகளில் உரிமம் எதுவும் தேவையில்லை. அதனாலேயே நிறுவனங்கள் ஏதாவது ஒரு முத்திரையைத் தேடுகின்றன. 1995-இல் தொடங்கிய சர்வதேச கோச்சிங் கூட்டமைப்பின் முதல் நிலைச் சான்றிதழுக்கு 60 மணி நேரப் பயிற்சியும் 100 மணி நேர கோச்சிங் அனுபவமும் வேண்டும். அடுத்த நிலைக்கு 125, 500. உங்கள் 14 ஆண்டு சிகிச்சை மணிகள் இந்தக் கணக்கில் சேராது. கோபப்படாதீர்கள், நானும் கோபப்பட்டவன்தான். மூத்த கோச் ஒருவர் என் உரையாடல் பதிவைக் கேட்டுவிட்டு, எந்தெந்த இடத்தில் நான் எதிரில் இருப்பவரைப் பழைய காலத்துக்கு இழுத்துக்கொண்டு போகிறேன் என்று குறித்துக் கொடுத்தார். ஒரே பதிவில் ஒன்பது இடங்கள்.

ஓர் உதாரணம். ஒரு மேலாளர் சொல்கிறார்: "கூட்டத்தில் தலைமை அதிகாரி குரலை உயர்த்தினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது." உங்கள் வாயில் உடனே வரக்கூடிய கேள்வி, "இந்தக் குரலை முன்பு எங்கே கேட்டிருக்கிறீர்கள்?" அருமையான கேள்விதான். அப்பாவில் போய் நிற்கும், ஒரு மணி நேரம் ஓடிவிடும். அவருக்கோ வியாழக்கிழமை அடுத்த கூட்டம். கோச் கேட்க வேண்டியது: "வியாழக்கிழமை அவர் குரலை உயர்த்தியதும் நீங்கள் சொல்லப்போகும் முதல் வாக்கியம் எது? இப்போது என்னிடம் சொல்லிக் காட்டுங்கள்." அவர் சொல்வார், குரல் கம்மும். மறுபடி சொல்லச் சொல்ல வேண்டும். பள்ளி நாடக ஒத்திகை மாதிரி இருக்கிறதே என்று நான் ஓராண்டுக் காலம் இதற்குக் கூச்சப்பட்டேன்.

அதே மேலாளர் வாரக்கணக்கில் தூங்கவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்று சொன்னால், மற்ற கோச்களைவிட நீங்கள் சீக்கிரம் கண்டுகொள்வீர்கள். உங்கள் அனுபவத்தின் பலன் அங்கேதான். ஆனால் சிகிச்சையை நீங்களே தொடங்கிவிடாதீர்கள், வேறொருவரிடம் அனுப்புங்கள். பணம் கட்டுவது அவருடைய நிறுவனம் என்பதை மறக்கக் கூடாது.

இந்தத் தொழிலில் உண்மையிலேயே புதிதாகக் கற்க வேண்டியது அதுதான். சிகிச்சை அறையில் இருவர். இங்கே கண்ணுக்குத் தெரியாமல் மூன்றாவது நாற்காலி ஒன்று கிடக்கிறது, அதில் நிறுவனம் உட்கார்ந்திருக்கிறது. என் தொடக்க நாட்களில், ஒரு நிர்வாகியுடன் மூன்றாவது சந்திப்பு முடிந்த மறுநாள் மனிதவளத் தலைவர் தொலைபேசியில் அழைத்தார். "ஆள் எப்படி? எங்களோடு நிற்பாரா?" வேறு வேலை தேடுவதாக அந்த நிர்வாகி முந்தைய நாள்தான் என்னிடம் சொல்லியிருந்தார். "அதை நான் பேச முடியாது" என்றேன். ஆனால் சொல்வதற்கு முன் இரண்டு விநாடி தயங்கிவிட்டேன். மறுமுனையில் "ஓ, சரி" என்று ஒரு குரல். தயக்கமே பதிலாகிவிட்டது.

அதன் பிறகு, மூன்று தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து எழுதி வைக்காமல் எதையும் தொடங்குவதில்லை. இலக்கு என்ன, எத்தனை சந்திப்பு, நிறுவனத்துக்கு எது தெரியவரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்னேற்றத்தை அந்த நிர்வாகியே தன் வாயால் மேலதிகாரியிடம் சொல்வார், நான் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து, சட்டம் கேட்பது போன்ற விதிவிலக்குகளும் முன்கூட்டியே தாளில் இருக்கும். உங்களை அழைத்த மனிதவளத் தலைவரிடம் இந்தத் தாளை முதல் வாரமே நீட்டுங்கள். முகம் சுளித்தால் அந்த வேலை வேண்டாம்.

உங்கள் சிகிச்சையாளர் உரிமத்தை விட்டுவிடாதீர்கள். ஓராண்டுக்காவது வாரத்தில் இரண்டு நாள் சிகிச்சை, இரண்டு நாள் கோச்சிங் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோப்புகளும் ஒப்பந்தங்களும் தனித்தனியாக இருக்கட்டும். சிகிச்சையை முடித்துக்கொள்ள வேண்டியவர்களுக்குச் சில மாத அவகாசம் கொடுங்கள்.

அந்தப் பழைய மனிதர் விஷயத்தில் என் பதில்: ஏற்காதீர்கள். அவருடைய காயங்கள் உங்களுக்குத் தெரியும். அவற்றைத் தெரியாதவர்போல நீங்கள் அவருடைய மேலதிகாரியோடு ஒரே மேசையில் உட்கார முடியாது. நாளை அவர் மறுபடி உடைந்துபோனால் சிகிச்சைக்கு உங்களிடம் வரும் வழியும் அடைபட்டுவிடும். வேறு இரண்டு கோச்களின் பெயரைக் கொடுங்கள். அவருக்கு வருத்தம் இருக்கும். குறுஞ்செய்தியில் சொல்லாமல் நேரில் சந்தித்துச் சொல்லுங்கள்.