மரனா, மானா?

அன்புள்ள ஐயா,

தமிழ் முதுகலை முடித்திருக்கிறேன். பழைய நூல்களைக் கணினியின் துணையோடு ஆராய்வதற்கான டிஜிட்டல் ஹியுமானிட்டீஸ் உயர்பயிற்சி ஒன்றில் ஆறு மாதத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது. நூலின் ஒவ்வொரு பகுதியையும் கணினிக்கு அடையாளம் காட்டும் எக்ஸ்எம்எல் குறியீடு, ஒரே நூலின் பல பிரதிகளில் உள்ள சொல் வேறுபாடுகளைப் பார்க்கும் பாட ஒப்பீடு, கையெழுத்தை வாசிக்கக் கணினியைப் பழக்குவது என்று பாடத்திட்டம் போகிறது. அப்பா கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வுக்குப் படி என்கிறார். எங்கள் துறையின் மூத்த ஆசிரியர் ஒருவர், “சுவடியைத் தட்டச்சு செய்ய ஒரு பயிற்சியா?” என்று கேட்டுவிட்டார். இனி இயந்திரமே ஓலையைப் படித்துவிடும் என்றால் நான் சுவடி வாசிக்கக் கற்பதும் வீண்தானோ என்று குழப்பமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

போய்ச் சேருங்கள். நெட் தேர்வு ஆண்டுக்கு இரண்டு முறை வரும், அப்பாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் சேர்வதற்கு முன் பத்து ஓலையாவது நீங்களே வாசித்திருக்க வேண்டும்.

பழைய ஓலைகளில் பெரும்பாலும் மெய்யெழுத்தின் மேல் புள்ளி இராது. ஆகாரத்துக்குப் போடும் துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவம். எகரமா ஏகாரமா, ஒகரமா ஓகாரமா என்பதை எழுத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. சொற்களுக்கு இடையே இடைவெளியும் கிடையாது. ஓலையில் ‘மரன’ என்று மூன்று எழுத்து தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மரன் (மரம்) ஆகலாம், மான் ஆகலாம். குறிஞ்சித் திணைப் பாட்டென்றால் இரண்டுக்குமே அங்கே இடம் உண்டு. மரன் நிரையசை, மான் நேரசை. ஆகவே யாப்பைக் கொண்டு தீர்க்கலாம் என்று தோன்றும். ஆசிரியப்பாவில் இரண்டுமே பொருந்தி நிற்கிற இடங்கள் வரும். அப்போது எதுகை, அடுத்த அடி, உரைகாரர், வேறு சுவடி என்று தேடிப் போக வேண்டும்.

கடைசியில் பதிப்பாசிரியர் ஒரு முடிவு எடுக்கிறார். அச்சில் நமக்குக் கிடைப்பது அந்த முடிவு. உ.வே.சா. 1937இல் வெளியிட்ட குறுந்தொகையில் ‘பி-ம்.’ என்று போட்டுப் பிரதிபேதங்களை, அதாவது பிரதிக்குப் பிரதி மாறும் பாடங்களை, தருகிறார். எவ்வளவு பெரிய நேர்மை அது! ஆனால் எந்தப் பாடம் எந்தச் சுவடியில் இருந்தது என்பது அதிலிருந்து பெரும்பாலும் தெரியாது. சங்க இலக்கியச் சுவடிகளை ஆராய்ந்த ஈவா வில்டன் 2010இல் கொண்டுவந்த குறுந்தொகைப் பதிப்பில் சுவடிவாரியாகப் பாடங்கள் இருக்கின்றன. நூலகத்தில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கற்கப்போகும் குறியீடு அநேகமாக டி.இ.ஐ. (Text Encoding Initiative) என்ற, நூல்களைக் கணினியில் குறியிடுவதற்கான பொது நெறிமுறையாக இருக்கும். 1987இல் அமெரிக்காவில் பொக்கீப்சி என்ற ஊரில் கூடியவர்கள் தொடங்கிவைத்தது. இந்த எழுத்து தெளிவாக இருக்கிறதா, மங்கலா, பூச்சி அரித்த இடமா, நீங்கள் இட்டு நிரப்பியதா, எந்தச் சுவடியின் பாடம் என்று ஒவ்வொன்றையும் அதில் பதிந்துவைக்கலாம். நான் பல ஆண்டுகள் கைப்பழக்கத்தில் புள்ளி வைத்தே படியெடுத்தேன். குறியீடு இடத் தொடங்கிய பிறகுதான், ஓர் ஓலைக்குள் என்னை அறியாமல் எத்தனை முடிவுகள் எடுத்திருக்கிறேன் என்று கண்டேன். பழைய நோட்டுகளை எடுத்துவைத்து, மறுபடி சுவடியோடு ஒப்பிட உட்கார்ந்தேன். உங்கள் ஆசிரியர் தட்டச்சு என்று சொன்ன வேலைக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இயந்திரத்துக்கு வருவோம். அது ஓலையைப் படிக்கப் பழக, படமும் வரிக்கு வரி மனிதர் எடுத்த படியும் வேண்டும். அந்தப் படியில் நாம் புள்ளி வைத்துக் கொடுத்தால், ஓலையில் இல்லாத புள்ளியை வைக்க அதுவும் கற்றுக்கொள்ளும். ‘மரன’ வரும் இடத்தில், தான் அதிகம் பார்த்த சொல்லைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். அங்கே ஓர் ஐயம் இருந்ததே படிப்பவருக்குத் தெரியாமல் போகும். அதனால் ஓலையில் உள்ளபடி ஒரு படி, வாசித்தபடி ஒரு படி என இரண்டாக வைக்கச் சொல்லிப் பயிற்சியில் வற்புறுத்துங்கள். மற்ற மொழிச் சுவடிகளில் பழகியவர்களுக்கு நம் புள்ளியின் சிக்கல் தெரிந்திராது. நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கணக்குச் சுவடிகளில் ஆர்வம் உண்டா? முந்திரி, காணி, மா முதலிய பின்னக் குறிகளுக்கு யூனிகோடில் 2019இல்தான் இடம் கிடைத்தது. அந்தப் பக்கம் ஆள் வேண்டும்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் சுவடிப் படங்கள் இருக்கின்றன. குறளோ நாலடியாரோ வேண்டாம். மனப்பாடமான நூலென்றால் கண் ஓலையை விட்டுவிட்டு நினைவைப் படிக்கும். மருத்துவச் சுவடி ஒன்றை எடுத்து, புள்ளி வைக்காமல், சொல் பிரிக்காமல் பத்து ஓலை படியெடுத்து அனுப்புங்கள். எந்தச் சுவடி என்று முன்பே சொல்லிவிட்டால் அதே பத்தை நானும் எடுத்துவைக்கிறேன். இரண்டும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்.