ஏர்பேக் விளக்கு அணையவில்லையா? கோலாலம்பூர் வாசகர்களுக்குப் பதில்கள்

கேள்வி: அண்ணா, தீபாவளிச் சாமான் ஏற்றுவதற்காக முன் சீட்டை முன்னும் பின்னும் தள்ளினேன். மறுநாளிலிருந்து ஏர்பேக் விளக்கு அணையவே இல்லை. காடியைப் பட்டறைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா? (செந்தூல்)

தம்பி, முதலில் சீட்டுக்கு அடியில் பாருங்கள். மஞ்சள் கனெக்டர் ஒன்று இருக்கும். பக்கவாட்டு ஏர்பேக், பெல்ட்டை இறுக்கும் கருவி, ஆள் உட்கார்ந்திருப்பதை உணரும் சென்சார் போன்றவற்றின் ஒயர்கள் இந்த வழியாகத்தான் வரும். சீட் நகரும்போது அது இழுபடும். அடியில் கிடக்கும் குடையோ தண்ணீர் பாட்டிலோ இடித்தாலும் தளர்ந்துவிடும். இப்படி எரியும் விளக்குகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் உடனே கை வைக்காதீர்கள். சாவியை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிட்டுக் காத்திருங்கள். மோதலில் பேட்டரி நசுங்கினாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கம்ப்யூட்டருக்குள் உள்ள கெபாசிட்டர் கொஞ்ச நேரத்துக்கு மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். சில கம்பெனிகள் 90 வினாடி போதும் என்கின்றன, சில 3 நிமிடம் என்கின்றன. நான் 10 நிமிடம் ஆகாமல் தொடுவதில்லை. அப்புறம் கனெக்டரைக் கழற்றி, களிம்பு பிடித்திருக்கிறதா, பின் வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். நன்றாக இருந்தால் 'கிளிக்' என்று கேட்கும்வரை அழுத்தி மாட்டுங்கள். பேட்டரியை இணைத்தபின், ஸ்டீயரிங்குக்கு நேரே உட்காராமல், பக்கத்தில் நின்றபடி சாவியைத் திருப்புங்கள்.

இதற்குப் பிறகும் விளக்கு எரிந்தால் பதற வேண்டாம். பல கார்களில் பழைய கோளாறு நினைவில் பதிந்தே இருக்கும். அதை ஸ்கேனர் வைத்துத்தான் அழிக்க வேண்டும்.

கேள்வி: சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒன்று வாங்கினேன். கோளாறு எதுவும் இல்லை என்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. (கெப்போங்)

மலிவான ஸ்கேனர்களில் பெரும்பாலானவை எஞ்சின் கோளாறுகளை மட்டும்தான் படிக்கும். அவை 'பி' என்ற ஆங்கில எழுத்தில் (P) தொடங்கும் குறியீடுகள். ஏர்பேக் கோளாறுகளோ 'B' வரிசையில் வரும். உங்கள் கார் மாடலின் எஸ்ஆர்எஸ் (SRS) என்ற ஏர்பேக் பகுதியைப் படிக்கும் கருவியா என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் தெரிந்த போர்மனிடம் (மெக்கானிக்கிடம்) ஸ்கேன் மட்டும் செய்து, குறியீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: விளக்கு எரிகிறது, ஹாரனும் வேலை செய்யவில்லை. ஸ்டீயரிங்கில் உள்ள ரேடியோ பட்டனும் செத்துவிட்டது. (பிரிக்ஃபீல்ட்ஸ்)

அக்கா, மூன்றும் சேர்ந்து போனால் பெரும்பாலும் கிளாக் ஸ்பிரிங்தான். ஸ்டீயரிங் சுழலும்போது ஒயர் அறுந்துவிடாமல் இருக்க, பட்டையான நாடா ஒயர் ஒன்றைச் சுருட்டி உள்ளே வைத்திருப்பார்கள். அது இற்றுப்போனால் ஓட்டுநர் ஏர்பேக்குக்கு மின்சாரம் போகாது. இதை வீட்டில் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏர்பேக்கையே கழற்ற வேண்டிய வேலை இது. புதியதை நடுநிலைக்குச் சரியாக வைக்காமல் மாட்டினால், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போது அறுந்துவிடும். மாற்றித் தரும்போது சக்கரம் நேராக இருந்ததா என்று போர்மனிடம் கேளுங்கள்.

கேள்வி: ஏர்பேக் ஒயரை மல்டிமீட்டரில் சோதிக்கலாமா? ரெசிஸ்டர் வைத்தால் விளக்கு அணைந்துவிடும் என்று நண்பர் சொல்கிறார். (செராஸ்)

இரண்டும் வேண்டாம். மீட்டர் ஓம் அளக்க அனுப்பும் சின்ன மின்சாரமே ஏர்பேக்கை வெடிக்க வைத்துவிடலாம். ஏர்பேக்குக்குப் பதிலாக ரெசிஸ்டரை ஒயரில் மாட்டுவது, கம்ப்யூட்டரை ஏமாற்றும் வேலை. விளக்கு அணையும், ஆனால் மோதும்போது ஏர்பேக் விரியாது. உங்கள் மனைவி, பிள்ளை உட்காரும் இடத்தில் அந்தப் பொய்யை வைக்காதீர்கள்.

நான் ஒருமுறை வாங்கிய பழைய காரில் யாரோ ஏர்பேக் விளக்கின் ஒயரை ஆயில் விளக்கோடு சேர்த்து வைத்திருந்தார்கள். எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் இரண்டும் ஒன்றாக அணையும், எல்லாம் சரி என்று நம்பிவிடுவோம். பழைய கார் வாங்கப் போனால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் மட்டும் செய்யுங்கள். ஏர்பேக் விளக்கு ஏறக்குறைய 6 வினாடி எரிந்து, தானாக அணைய வேண்டும். ஆயில், பேட்டரி விளக்குகள் அப்போதும் எரிந்துகொண்டிருக்கும். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் அந்தக் காரை வாங்காதீர்கள்.

கேள்வி: வெள்ளத்தில் மாட்டிய காரில் விளக்கு எரிகிறது. காயவைத்தால் போதுமா? (ஷா ஆலாம்)

போதாது. ஏர்பேக் கம்ப்யூட்டர் பெரும்பாலும் இரண்டு முன் சீட்டுகளுக்கு நடுவே, தரையோடு இருக்கும். சேறு புகுந்த பெட்டியைக் காயவைத்து நம்பக் கூடாது. மாற்றிவிடுங்கள்.

கேள்வி: விளக்கு எரியவில்லை என்றால் ஏர்பேக் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமா? (ஜாலான் ஈப்போ)

விளக்கு மின்சுற்றைத்தான் கவனிக்கிறது. தகாத்தா என்ற ஜப்பானியக் கம்பெனியின் ஏர்பேக்குகளில் இருந்த கோளாறு வேறு. ஏர்பேக்கை ஊதவைக்க உள்ளே வைத்திருக்கும் அம்மோனியம் நைட்ரேட் என்ற வெடிபொருள், நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பல ஆண்டுகள் கிடந்து கெட்டுப்போகும். விரியும்போது உலோகக் கூடு உடைந்து துண்டுகள் பறக்கும். 2014-இல் சரவாக்கில் ஒரு கர்ப்பிணிப் பெண் இப்படித்தான் இறந்தார். இதற்கு எந்த விளக்கும் எரியாது. கிராண்டில் (காரின் பதிவுச் சான்றிதழில்) உள்ள சேசிஸ் எண்ணைக் கார் கம்பெனியின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள், பட்டியலில் இருந்தால் இலவசமாக மாற்றித் தருவார்கள். கார் கைமாறி உங்களிடம் வந்திருந்தால் அவசியம் பாருங்கள். கம்பெனி அனுப்பிய கடிதம் பழைய உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கலாம்.