வாசகர் கேள்வி: சாலையில் ஓடும் காருக்கு எந்த டிஸ்ட்ரிபியூட்டர்?

கேள்வி: கார்புரேட்டர் பொருத்திய பழைய வி-8 எஞ்சினில் ரோலர் கேம்ஷாஃப்ட் (உருளைகள் வழியாக வால்வுகளைத் திறக்கும் தண்டு) போட்டுத் திறனைக் கூட்டியிருக்கிறேன். தினமும் சாலையில் ஓடும் இந்தக் காருக்கு வேக்குவம் அட்வான்ஸ் (எஞ்சினின் உறிஞ்சு வெற்றிடத்தைக் கொண்டு தீப்பொறியை முன்னதாக விழச்செய்யும் அமைப்பு) இல்லாத பந்தய வகை டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தீப்பொறிக்கான மின்சாரத்தைப் பகிர்ந்தனுப்பும் கருவி) பொருந்துமா?

பதில்: வேண்டாம். பந்தயக் கார் பெரும்பாலும் திராட்டில் (எஞ்சினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் தடுப்பு) முழுவதும் திறந்த நிலையிலேயே ஓடுகிறது. சாலையிலோ திராட்டில் பாதிகூடத் திறக்காத நேரமே அதிகம். அப்போது சிலிண்டருக்குள் செல்லும் கலவையின் அடர்த்தி குறைந்து அது மெதுவாக எரிவதால், தீப்பொறி இன்னும் முன்னதாகவே விழ வேண்டும். அந்த வேலையைச் செய்வது வேக்குவம் அட்வான்ஸ்தான். அதைக் கழற்றிவிட்டால் எரிபொருள் வீணாகும், எஞ்சினும் கூடுதலாகச் சூடேறும்.

பலரும் கவனிக்கத் தவறுவது டிஸ்ட்ரிபியூட்டரின் அடியில், கேம்ஷாஃப்ட்டோடு இணைந்து சுழலும் பல்சக்கரத்தை. உங்கள் கேம்ஷாஃப்ட் எஃகினால் ஆனது என்றால், சாதாரண வார்ப்பிரும்புப் பல்சக்கரம் அதனோடு உரசி விரைவில் தேய்ந்து, துகள்களை எண்ணெயில் கலந்துவிடும். வெண்கலம் பொருந்தும், ஆனால் அதுவும் தேயக்கூடியது என்பதால் அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். கேம்ஷாஃப்ட் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் உலோகத்தைக் கேட்டு வாங்குவதே நல்லது.

திறந்து மூடும் தொடுமுனைகளால் இயங்கும் பாயின்ட் வகையை விட்டு, தொடாமலே காந்தத்தால் உணரும் மேக்னெட்டிக் பிக்கப் வகைக்கு மாறுங்கள். எஞ்சின் வேகம் கூடக்கூடத் தீப்பொறியை முன்னதாக்கும் மெக்கானிக்கல் அட்வான்ஸை, ஸ்பிரிங்குகளை மாற்றித் திருத்தும் வசதியும் இருக்கட்டும். அட்வான்ஸைக் கணக்கிடும்போது, டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்க்ஷாஃப்ட்டின் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பாதி வேகத்தில் சுழல்வதால், அதில் 10 டிகிரி என்றால் கிராங்க்ஷாஃப்ட்டில் 20 டிகிரி.