நியூஃபவுண்ட்லாந்தில் பேசுவது பிழையான ஆங்கிலமா?

கேள்வி: என் மகன் கனடாவில், நியூஃபவுண்ட்லாந்து தீவின் செயின்ட் ஜான்ஸ் நகரில் படிக்கிறான். டொராண்டோவில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோது எளிதாகப் புரிந்த ஆங்கிலம் இங்கே புரியவில்லை என்றும், பெரியவர்கள்கூட 'ஐ கோஸ்', 'வீ நோஸ்' என்று இலக்கணம் தவறிப் பேசுகிறார்கள் என்றும் சொல்கிறான். ஒரே நாட்டுக்குள் இவ்வளவு வேறுபாடு ஏன்?
– வாசகி, ஏற்காடு

பதில்: தங்கள் மகன் கேட்டது பிழை அன்று, பழைய வழக்கு. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று பாராமல் வினையோடு 'ஸ்' சேர்ப்பது தென்மேற்கு இங்கிலாந்தின் வட்டாரப் பேச்சு. அங்குள்ள டார்செட், டெவன் பகுதிகளிலிருந்தும் அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டு, வெக்ஸ்ஃபோர்டு பகுதிகளிலிருந்தும் காட் மீன் பிடிக்க வந்தவர்களே நியூஃபவுண்ட்லாந்தில் பெருமளவில் குடியேறினார்கள். 'இப்போதுதான் சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஐ ஆம் ஆஃப்டர் ஈட்டிங்' என்பார்கள். இது ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பு ஆங்கிலத்தில் ஏறியதால் வந்தது. கடலோரச் சிற்றூர்கள் பலவற்றுக்கு நெடுங்காலம் படகைத் தவிர வேறு வழி இல்லை; அந்தத் தீவு கனடாவோடு இணைந்ததே 1949இல்தான். அதனால் அப்பேச்சு கலையாமல் நிலைத்தது.

டொராண்டோ முதல் மேற்குக் கடற்கரையின் வான்கூவர் வரையிலான கதை வேறு. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் அரசின் பக்கம் நின்று, 1783ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடக்கே வந்தவர்கள் டொராண்டோ இருக்கும் ஒண்டாரியோ மாகாணத்தில் ஊன்றிய பேச்சு, 1885இல் முடிந்த பசிபிக் ரயில் பாதை வழியே குடியேறிகளோடு மேற்கே பரவியது. ஆகவே அந்த நெடுந்தொலைவு முழுவதும் உச்சரிப்பு ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கிறது. சொற்களில் மட்டும் ஊர் தெரியும்: ஏரிக்கரை விடுமுறை வீடு தெற்கு ஒண்டாரியோவில் 'காட்டேஜ்', மேற்கே 'கேபின்'.

நியூஃபவுண்ட்லாந்துக்காரர்களின் பேச்சைப் பிற மாகாணத்தார் நெடுநாள் கேலி செய்ததுண்டு. அது எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி. சேர்வராயன் மலையின் மலையாளி பழங்குடி மக்கள் பேசும் தமிழ் சேலத்துக் கடைவீதித் தமிழிலிருந்து வேறுபடுவதை ஏற்காட்டில் இருக்கும் தாங்கள் அறிவீர்கள். அதைக் கொச்சை என்று ஒதுக்குவது எவ்வளவு அநீதியோ, இதுவும் அவ்வளவு அநீதியே. தேர்விலும் கட்டுரையிலும் தங்கள் மகன் பொது ஆங்கிலத்தையே எழுதட்டும். ஆனால் ஊர்ப் பெரியவர்களின் பேச்சை மனத்துக்குள்கூடத் திருத்த வேண்டாம். அவர்களுடைய சொற்களைத் தொகுத்த நியூஃபவுண்ட்லாந்து ஆங்கில அகராதி 1982இல் வெளிவந்தது. இன்று இணையத்திலும் கிடைக்கிறது. புரியாத சொல்லை அவர்களிடமே கேட்டு, பிறகு அதில் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள்.