27 ஆண்டு நட்சத்திரமும் மூன்று ஆண்டுப் பட்டமும்

பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள், ராத்திரியானால் கேமராவோடு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். அவள் படம் எடுக்கும் நட்சத்திரம் 27 ஆண்டுக்கு ஒருமுறைதான் மங்குமாம். இதை நம்பி இருந்தால் வேலை கிடைக்குமா என்று ஒரு தாய் கேட்டிருக்கிறார். கவலை நியாயமானதுதான். ஆனால் அவள் பிடித்திருக்கும் விஷயமும் லேசானதல்ல.

அந்த நட்சத்திரம் ஆரிகா விண்மீன் கூட்டத்தில் உள்ள எப்சிலான் ஆரிகே. நம் பஞ்சாங்கக்காரர்கள் பிரம்ம ஹிருதயம் என்று சொல்லும் கபெல்லாவுக்குப் பக்கத்தில், வெறும் கண்ணுக்கே தெரியும். சுமார் 27.1 ஆண்டுக்கு ஒருமுறை, தூசுத் தட்டு சூழ்ந்த துணை விண்மீன் ஒன்று குறுக்கே வந்து இதை மறைக்கிறது. ஒளிப்பொலிவு ஏறத்தாழ 3.0-லிருந்து 3.7 வரை இறங்கும் (இந்தக் கணக்கில் எண் கூடினால் மங்கல் என்று பொருள்). மறைப்பு முடிய கிட்டத்தட்ட இரண்டு ஆண்டு பிடிக்கும். கடைசி மறைப்பு 2009 ஆகஸ்டில் தொடங்கி 2011-ல் முடிந்தது. அந்தத் தட்டு நட்சத்திரத்தின் மேல் ஊர்ந்து போவதை, கலிபோர்னியாவின் மவுண்ட் வில்சனில் உள்ள சாரா தொலைநோக்கிகள் அப்போது படமாகவே எடுத்துக் காட்டின. அடுத்த மறைப்பு 2036-ல் தொடங்கும்.

முதலில் மகளுக்கு ஒரு வார்த்தை. 27 ஆண்டுச் சுற்றை ஐந்தாண்டு பிஎச்.டி.யில் அடைக்க முடியாது. இந்த ஒரே நட்சத்திரத்தை ஆய்வுத் தலைப்பாக வைத்துக்கொள்ள வேண்டாம். பட்டம் இயற்பியலில் இருக்கட்டும். நட்சத்திரம் பக்கத்தில் ஒரு பழக்கமாக ஓடட்டும். அந்தப் பழக்கம் கற்றுத் தரும் அளவீடும் பிழைக் கணக்கும் நிரல் எழுதும் திறமையும்தான் நாளைக்கு நேர்முகத் தேர்வில் பேசும்.

தாய்க்கு ஒரு தகவல். ராதா கோவிந்த சந்திரா என்பவர் இன்றைய வங்கதேசத்தில் உள்ள ஜெசோரில் கருவூல ஊழியராக இருந்துகொண்டே பொலிவு மாறும் மாறொளி விண்மீன்களை 37,000 தடவைக்கு மேல் அளந்து அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்துக்கு அனுப்பியவர். அவருக்காக அந்தச் சங்கம் கடனாக அனுப்பிய 6¼ அங்குலத் தொலைநோக்கி பின்னால் வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு வந்து, வாணியம்பாடி பக்கத்துக் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வேலை ஒன்று, வானம் ஒன்று என்று இரண்டையும் ஒருசேர நடத்தலாம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

டெலஸ்கோப் வாங்கித் தர வேண்டாம். பழைய டி.எஸ்.எல்.ஆர்., 50 மி.மீ. லென்ஸ், ஆடாத ஸ்டாண்ட் போதும். எஃப்/4, ஐ.எஸ்.ஓ. 200, ஐந்து நொடி, இருபது படம். ஒரே படத்தை நம்பக்கூடாது; காற்றுக் கலக்கத்தில் நட்சத்திரம் மின்னுவதை, நூறு நொடி வெளிச்சத்தைச் சேர்த்தால்தான் சராசரியாக்க முடியும். கேமரா கை வைக்காத ரா ஃபைலாகவே எடுக்க வேண்டும். ஜேபெக் படத்தில் கேமரா தன் இஷ்டத்துக்கு வெளிச்சத்தை வளைத்துவிடும். அதற்குப் பிறகு அதில் அளக்கும் வெளிச்ச எண்ணுக்கு மதிப்பில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஃபோகஸ். நட்சத்திரம் ஊசிமுனை மாதிரி கூர்மையாக இருந்தால்தான் நல்லது என்று தோன்றும். அளவீட்டுக்கு அதுதான் கெடுதல். சென்சாரில் ஒவ்வொரு நாலு புள்ளியிலும் (பிக்சல்) இரண்டு பச்சை, ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். கூர்மையான நட்சத்திரம் ஒரு படத்தில் பச்சைப் புள்ளியில் விழும், அடுத்ததில் நகர்ந்து சிவப்பில் விழும். நட்சத்திரம் மாறாமலே எண்ணிக்கை மட்டும் எகிறும். லென்ஸ் வளையத்தைக் கொஞ்சம் திருப்பி, பத்துப் புள்ளி அகலத்துக்கு நட்சத்திரத்தைப் பரப்பி, வளையம் நகராமல் டேப் ஒட்டிவிடுங்கள். 14 பிட் கேமராவில் ஒரு புள்ளி காட்டக்கூடிய உச்ச எண் 16,383. பச்சைப் புள்ளிகளில் அதிகபட்ச எண் 10,000-க்குக் கீழே நிற்க வேண்டும். தாண்டினால் நேரத்தைக் குறையுங்கள்.

பிறகு லென்ஸ் மூடியைப் போட்டு அதே ஐந்து நொடியில் இருபது இருட்டுப் படம். மறுநாள் வெள்ளைத் துணி போர்த்திய லென்ஸை வெளிறிய வானத்தை நோக்கி வைத்து இருபது சமவெளிச்சப் படம். இந்த இரண்டாவதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டால், லென்ஸின் ஓர மங்கல் அப்படியே பொலிவு மாற்றமாகப் பதிவாகும்.

எப்சிலானோடு ஒப்பிட்டு அளக்க அதே கூட்டத்து லாம்ப்டா ஆரிகே: பொலிவு 4.71, நிறமும் எப்சிலானுக்கு நெருக்கம். சிரில், ஆஸ்ட்ரோ இமேஜ்-ஜே இரண்டும் இலவச மென்பொருள்கள். பச்சைப் புள்ளிகளை மட்டும் பிரித்து, நட்சத்திரத்தைச் சுற்றி வட்டமிட்டு, வெளிவளையத்தில் கிடைக்கும் வான ஒளியைக் கழிக்க வேண்டும். வட்டத்துக்குள் மொத்த எண்ணிக்கை லாம்ப்டாவுக்கு 40,000, எப்சிலானுக்கு 1,90,000 வந்தால் விகிதம் 4.75. அதன் மடக்கை 0.677, 2.5-ஆல் பெருக்கினால் 1.69. 4.71-லிருந்து கழித்தால் 3.02. மறைப்பின் நடுவில் அதே கேமராவில் எப்சிலானுக்கு ஒரு லட்சத்தைச் சுற்றித்தான் வரும்.

சரிபார்க்க ஈட்டா ஆரிகேயை வைத்துக்கொள்ளலாம். அது நீல நட்சத்திரம் என்பதால் கேமராவின் பச்சையில் கொஞ்சம் தள்ளித்தான் விடை வரும். தினமும் அதே அளவு தள்ளி வருகிறதா என்பதே கேள்வி. ஆனால் ஈட்டாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஸீட்டாவைத் தப்பித்தவறியும் ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள். அதுவே 972 நாள் சுற்றுள்ள, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை விண்மீன். அங்கே சூடான சிறிய விண்மீன், குளிர்ந்த பெரிய விண்மீனுக்குப் பின்னால் ஒளிகிறது. அதனால் மங்கல் நீலத்தில் அதிகம், பச்சையில் குறைவு. கல்லூரி புராஜெக்டுக்கு இதுதான் கச்சிதம். மூன்று ஆண்டுக்குள் ஒரு முழுச் சுற்று முடிந்துவிடும்.

மறைப்பு இல்லாத காலத்திலும் எப்சிலான் சும்மா இருப்பதில்லை. சுமார் 0.1 அளவுக்கு ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். இந்த அசைவை இப்போதே பதிந்து வைத்தால்தான் 2036-ல் எது தட்டின் வேலை, எது நட்சத்திரத்தின் சொந்த வேலை என்று பிரிக்க முடியும். பெரிய வான ஆய்வுக் கேமராக்கள் பலவற்றில் இவ்வளவு பிரகாசமான நட்சத்திரத்தின் ஒளி சென்சாரின் உச்சத்தைத் தாண்டி வழிந்து பயனில்லாமல் போகும். மாடியில் நிற்கும் சின்னக் கேமராவுக்கு இடம் கிடைப்பது அதனால்தான்.

தமிழ்நாட்டில் ஒரு சங்கடம் உண்டு. ஆரிகா மேலே வரும் ஐப்பசி, கார்த்திகை முழுக்க வடகிழக்குப் பருவமழை. தை, மாசியில் வானம் தெளியும், பனியும் கொட்டும்; லென்ஸில் ஈரம் படர்ந்தால் இரண்டு நட்சத்திரமும் ஒரே அளவில் மங்குவதில்லை. அவ்வப்போது டார்ச் அடித்துக் கண்ணாடியைப் பாருங்கள். நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 40 பாகை உயரத்துக்குக் கீழே இறங்கிய பிறகு எடுக்காதீர்கள். மே நடுவிலிருந்து ஜூலை வரை சூரியன் அருகில் இருப்பதால் விடுமுறை.

தேதிக் குழப்பம் இன்னொரு வழக்கமான பிழை. வானியலாளர்கள் நாட்களை வரிசையாக எண்ணும் ஜூலியன் நாள் நம் நேரப்படி மாலை 5.30-க்கு மாறும். அதனால் நள்ளிரவு தாண்டினாலும் அந்த ராத்திரி முழுவதும் ஒரே நாள் எண்தான். அமெரிக்கச் சங்கத்துக்கு அளவீடு அனுப்ப உறுப்பினராகச் சேர வேண்டியதில்லை. நோக்கர் குறியீடு இலவசம்.

வேலை விஷயத்துக்கு வருவோம். பி.எஸ்சி. இறுதியாண்டில் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி. அல்லது ஒருங்கிணைந்த பிஎச்.டி. அதன்பின் ஜெஸ்ட், நெட், கேட் தேர்வுகள் வழியாகப் பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், நைனிதாலின் ஏரீஸ் வானாய்வு நிறுவனம் போன்ற இடங்கள். 2023 முதல் இளநிலை ஆய்வாளருக்கான ஜே.ஆர்.எஃப். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. நிரந்தர ஆராய்ச்சிப் பணிகள் குறைவு என்பதையும் மறைக்க வேண்டாம். ஆனால் பைத்தானில் ஆயிரக்கணக்கான அளவீடுகளைச் சுத்தம் செய்து, எந்தப் புள்ளி பிழை, எது உண்மை என்று காரணத்தோடு சொல்லத் தெரிந்தவளுக்குத் தரவுப் பகுப்பாய்வு, கருவியியல், படச் செயலாக்கம் என்று வேறு கதவுகளும் திறந்திருக்கும்.

ஜாம் தேர்வு வழக்கமாகப் பிப்ரவரியில் வரும். வானம் தெளிவாக இருக்கும் அதே மாதம். அதனால் இந்த ஆண்டு மனம்போல் எடுக்கட்டும். மூன்றாம் ஆண்டில் வாரத்துக்கு ஒரே ராத்திரி, அரை மணி நேரம். 27 ஆண்டு நட்சத்திரத்துக்கு வாரம் ஓர் அளவீடு தாராளம்.