எம்.பி.பி.எஸ். முடித்து டாக்டர் ஆனவர்களுக்கு முதுநிலைப் படிப்பிலும் இட ஒதுக்கீடு எதற்கு?

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே பட்டம். அதற்குப் பிறகும் சலுகையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில் எம்.டி. குழந்தை மருத்துவம் படித்தவள் நான். ஊர், குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு அப்பால் ஒரு மலையோரக் கிராமம். பட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான். அதை வாங்கிய மறுநாள் ஒன்றாக இருக்கவில்லை.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. விடியுமுன்பே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கள் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. மரம் நனைந்தால் வெட்டு கிடையாது, வெட்டு இல்லாத நாளில் கூலியும் கிடையாது. நான் பயிற்சி மருத்துவராக இருந்து வெளியே வந்த ஆண்டு மழை விடவே இல்லை.

உடன் படித்த சிலர் ஓராண்டு வேலைக்கே போகாமல் நீட் முதுநிலைத் தேர்வுக்குப் படித்தார்கள். அவர்கள் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். கண் எரிய எரியப் படித்தார்கள். நான் மார்த்தாண்டத்தில் ஒரு சிறிய மருத்துவமனையில் இரவுப் பணி பார்த்தேன். வினா வங்கிப் புத்தகம் மேசை இழுப்பறையில் கிடக்கும். சிறுநீரக நோய்கள் பகுதியில் நான்காவது கேள்விக்கு விரலை வைத்திருப்பேன், செவிலியர் வந்து நிற்பார்: பைக்கில் விழுந்தவர், மூச்சு வாங்கும் பாட்டி, பாம்பு கடித்த தொழிலாளி. திரும்பி வந்து அதே நான்காவது கேள்வி. எனக்கும் அவர்களுக்கும் ரேங்க்கில் இருந்த இடைவெளியில் எவ்வளவு அறிவு, எவ்வளவு மழை என்று எந்தத் தேர்வாலும் பிரித்துச் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 69 சதவீதம் இட ஒதுக்கீடு: பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சீர்மரபினருக்கும் 20, பட்டியல் சாதியினருக்கு 18, பழங்குடியினருக்கு 1. மீதி 31 முற்பட்டோருக்கானது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை, ரேங்க் இருந்தால் எந்தச் சாதியினரும் அதில் சேரலாம்.

அரசுக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் பாதி, எந்த மாநிலத்தவரும் போட்டியிடக்கூடிய அகில இந்தியத் தொகுப்புக்குப் போய்விடும். 1986இல் தொடங்கிய அந்தத் தொகுப்பில் எஸ்.சி., எஸ்.டி. ஒதுக்கீடு 2007இல்தான் வந்தது. மாநிலங்கள் கொடுத்த இடங்களில் ஓ.பி.சி. பிரிவினருக்கு 27 சதவீதம் கிடைக்க 2021 ஆனது. அதை எதிர்த்துப் போன வழக்கில் 2022 ஜனவரி 20 அன்று உச்ச நீதிமன்றம் விரிவான தீர்ப்பைத் தந்தது. போட்டித் தேர்வின் மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை அளந்துவிட முடியாது என்று நீதிபதிகள் சந்திரசூட், போபண்ணா அமர்வு எழுதியதைப் படித்தபோது மார்த்தாண்டத்து மேசைதான் நினைவுக்கு வந்தது.

தகுதி குறைகிறது என்று வருந்துபவர்களிடம் ஒன்று கேட்கிறேன். 2023இல் காலியிடங்களை நிரப்ப நீட் முதுநிலைத் தகுதி வரம்பை எல்லாப் பிரிவினருக்கும் பூஜ்ஜிய சதமானம் என்று இறக்கினார்கள். தேர்வு எழுதியவர் எவரும் கலந்தாய்வுக்கு வரலாம்; பல லட்சம் கட்டணம் கட்ட முடிந்தால் தனியார் கல்லூரியில் இடமும் கிடைக்கலாம். அப்போது தகுதியைப் பற்றி எத்தனை பேர் பேசினார்கள்? ஒதுக்கீட்டில் வந்த நான் மூன்றாண்டு முடிவில் எழுதிய எம்.டி. தேர்வில் தேர்ச்சி மதிப்பெண் எல்லோருக்கும் ஒன்றுதான். வாய்மொழித் தேர்வில் எதிரே அமர்ந்த தேர்வாளர் என் சாதியைக் கேட்கவில்லை, குழந்தையின் இதய ஒலியைத்தான் கேட்கச் சொன்னார்.

இப்போது மலையோரத்தில் ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். போன மழையில் ஒரு பாட்டி, விலா எலும்பு உள்ளிழுக்க மூச்சுத் திணறிய பேரனைத் துண்டில் பொதிந்து கொண்டுவந்தார். “மக்களே, ஆசாரிப்பள்ளத்துக்குப் போகச் சொல்லிவிடாதே, கையில் காசில்லை” என்றார். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கேதான். ஆக்சிஜன் வைத்து, நெபுலைசர் கொடுத்து, இரவு முழுவதும் பக்கத்திலேயே இருந்தேன். அனுப்ப வேண்டி வரவில்லை. எம்.டி. படிக்காமல் இருந்திருந்தால் அனுப்பியிருப்பேன்.

வசதியான டாக்டரின் பிள்ளைக்கும் ஒதுக்கீடா என்ற கேள்வி நியாயமானது. அகில இந்திய ஓ.பி.சி. ஒதுக்கீட்டில், வசதியானவர்களை விலக்கி வைக்கும் ‘கிரீமிலேயர்’ விதி அதற்காகத்தான் இருக்கிறது. ஆனால் என்னை உறுத்துவது வேறு. பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் என்ற பழங்குடியினரின் குடியிருப்புகள் இருக்கின்றன. பழங்குடியினருக்கு ஒரு சதவீதம் என்றால் நூறு இடத்துக்கு ஒன்று. அந்த ஒன்று எந்தத் துறையில், எந்த ஊரில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும். முதுநிலைக் கலந்தாய்வுப் பட்டியல் வரும்போதெல்லாம் நான் முதலில் தேடுவது அந்த வரிசையைத்தான்.