வண்டி புதைந்தால் என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

பாலாற்று மணல், ஏரி உள்வாய், ஜவ்வாது மலையடிவாரத் தடங்கள் என்று ஜீப்பிலும் பொலிரோவிலும் போய்வரும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில்.

ஃபோர் வீல் மஹிந்திரா தார் ஜீப் எடுத்திருக்கிறேன். ஆன்லைனில் ‘ரிகவரி கிட்’ என்று ஒரு பை நிறையச் சாமான் விற்கிறார்கள். அப்படியே வாங்கிவிடலாமா? முதலில் எது வேண்டும்? – வாசகர், ஆற்காடு

அப்படியே வாங்க வேண்டாம். அந்தப் பைகளில் வண்டியை இழுக்கும் பெல்ட்டும், அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிளும் (பின் போட்டு மூடும் இரும்பு வளையம்) இருக்கும். அதிகம் வேலை வாங்கப்போகிற மண்வெட்டியும் காற்று அளக்கும் கேஜும் பெரும்பாலும் இருக்காது. புதைந்த வண்டிகளில் பல, யாரும் இழுக்காமலே வெளியே வரக்கூடியவை. ஆகவே முதல் செலவு நல்ல பிரஷர் கேஜும் 12 வோல்ட் கம்ப்ரஸரும். கம்ப்ரஸர், பேட்டரியிலேயே கிளிப் மாட்டும் வகையாக இருக்கட்டும். சிகரெட் லைட்டரில் செருகும் சின்ன வகை, தார் டயர் நான்கையும் நிரப்பி முடிப்பதற்குள் சூடேறி நிற்கும், அல்லது ஃபியூஸைக் கொண்டுபோகும்.

அடுத்து குட்டைப் பிடி மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் ரிகவரி போர்டு ஒரு ஜோடி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓர் அடிக்கு ஓர் அடி, 20 மி.மீ. பிளைவுட் பலகை. பலகை இல்லாமல் மணலில் ஜாக்கி வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும்.

இதற்கெல்லாம் பிறகுதான் பெல்ட். 9 மீட்டர் நைலான் இழுவைப் பெல்ட் ஒன்று, 4.75 டன் ஷேக்கிள் இரண்டு. இங்கே பலர் குழம்புகிறார்கள்: பெல்ட்டில் அச்சிட்டிருப்பது அது அறுந்துபோகும் எடை, ஷேக்கிளில் பொறித்திருப்பது அது பத்திரமாகத் தாங்கும் எடை. ஆள், சாமானோடு தார் சுமார் 2.2 டன் வரும். பெல்ட்டின் அறுபடும் எடை அதைப்போல் இரண்டிலிருந்து மூன்று மடங்கு வேண்டும். 8 டன் பெல்ட்டும் சரிப்படும். 15 டன் வாங்கினால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். அவ்வளவு தடித்த பெல்ட் இந்த எடைக்கு நீளாது. நீளாவிட்டால் சங்கிலிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. எடை பொறிக்காத ஷேக்கிளை இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

கையுறை, பழைய ஜமுக்காளம் ஒன்று, 10 லிட்டர் குடிதண்ணீர். நம் பக்கத்துக் கோடையில் 40 டிகிரிக்கு மேல் மண்வெட்டி பிடிக்கப்போகிறீர்கள். கடைசியில் சொன்னதைக் கடைசியாக எடுத்துவைக்காதீர்கள்.

ஆற்று மணலில் என் பொலிரோ பாதிச் சக்கரம் புதைந்துவிட்டது. டிராக்டர் வந்து பம்பரில் சங்கிலி கட்டி இழுத்ததில் பம்பர் கழன்று வந்தது. கொக்கி பறந்து கண்ணாடியில் அடித்தது. எங்கே தப்பு? – வாசகர், வாணியம்பாடி

ஆளுக்கு அடிபடாமல் போனதே பெரிது. தப்பு மூன்று இடத்தில் நடந்திருக்கிறது: தோண்டாமல் இழுத்தது, பம்பரில் கட்டியது, தொய்வாக விட்ட சங்கிலியை வெடுக்கென்று இழுத்தது.

பாதிச் சக்கரம் புதைந்த வண்டியை அசைக்க அதன் முழு எடைக்குச் சமமான இழுவை வேண்டியிருக்கும்; மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு. அந்தப் பளுவைக் குறைக்கிற ஒரே கருவி மண்வெட்டி. நான்கு சக்கரத்துக்கும், வண்டி வெளியே வரப்போகும் பக்கத்தில், சரிவாக மண்ணை அள்ளுங்கள். பிறகு குனிந்து வண்டியின் அடிவயிற்றைப் பாருங்கள். பின் ஆக்சில் நடுவில் இருக்கும் உருண்டை மணலில் உட்கார்ந்திருந்தால் சக்கரத்துக்கு எடையே இறங்காது, எவ்வளவு ஆக்சிலேட்டர் கொடுத்தாலும் சும்மா சுற்றும். அதற்கடியில் வெளிச்சம் தெரியும்வரை அள்ள வேண்டும்.

அடுத்து காற்று. 32 இருந்தால் 18 பி.எஸ்.ஐ.க்கு இறக்குங்கள். டயர் தரையில் படியும் நீளம் கூடும், மணலை வெட்டி இறங்காமல் மேலே ஏறி நிற்கும். 15-க்குக் கீழே போனால் வளைத்துத் திருப்பும்போது டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளலாம். காற்று இறக்கிய வண்டியை 25 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓட்டாதீர்கள். தார் ரோடு ஏறுவதற்கு முன் நிரப்பிவிடுங்கள். இவ்வளவும் செய்த பிறகு, வந்த தடத்திலேயே ரிவர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். அது ஏற்கெனவே அமுங்கிய மண். பொலிரோ போன்ற பின்சக்கர வண்டியும் பல நேரம் இதிலேயே ஏறிவிடும்.

ஏறவில்லை என்றால்தான் டிராக்டர். கட்டுகிற இடம் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸ்தான், அல்லது சேசிஸில் போல்ட் போட்ட கொக்கி. பம்பர், ஸ்டீயரிங் ராடு, ஆக்சில் எதுவும் கூடாது. டிரெய்லர் மாட்டும் குண்டில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது உடைந்து பறந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. முன் பம்பரில் திருகி மாட்டும் வளையம் சில கார்களில் உண்டு. அது லாரியில் ஏற்றிக் கட்டவும் சமதரையில் மெதுவாக இழுக்கவும்தான்; வெட்டி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும்.

சங்கிலி நீளாது. தொய்வு திடீரென்று இறுகும் நொடியில் பளு பல மடங்காகிறது, எது இளைத்திருக்கிறதோ அது உடைகிறது. டிராக்டரால் இழுப்பதானால் முதலில் சங்கிலியை இறுக்கி நிறுத்தச் சொல்லுங்கள். பிறகு முதல் கியரில், கிளட்சை மெல்ல விட்டு, ஒரே சீராக. டிராக்டரில் கட்ட வேண்டியது பின்னால் கீழே இருக்கும் இழுவைக் கம்பியான டிராபாரில் மட்டும். அதற்கு மேலே, கலப்பை மாட்டும் மேல் லிங்க்கில் கட்டினால் முன்சக்கரம் தூக்கி டிராக்டரே ஓட்டுநர் மேல் மல்லாந்துவிடும். இதை டிராக்டர்காரரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

நைலான் பெல்ட்டால் இன்னொரு ஜீப் இழுக்கிறபோது மட்டுமே தொய்வு விடலாம். முதல் தடவை தொய்வில்லாமல், அசையாவிட்டால் ஒரு மீட்டர், அதற்குமேல் ஒன்றரை. வேகம் 8 கி.மீ.யைத் தாண்டக் கூடாது. பெல்ட் ஐந்தில் ஒரு பங்கு வரை நீண்டு, சுருங்கும்போது புதைந்த வண்டியை இழுத்துக்கொண்டு வரும். புதைந்த வண்டிக்காரரும் அதே நேரத்தில் மெல்ல ஆக்சிலேட்டர் கொடுக்க வேண்டும். பெல்ட்டின் நடுவில் ஜமுக்காளத்தைப் போர்த்துங்கள். அறுந்தால் வேகத்தைக் கொஞ்சம் அடக்கும். ஷேக்கிள் பின்னைக் கையால் முழுக்க முடுக்கிக் கால் சுற்று பின்வாங்குங்கள், இல்லையென்றால் பளுவில் இறுகிப்போய்த் திறக்க வராது. இரண்டு பெல்ட்டை ஷேக்கிள் வைத்து இணைக்காதீர்கள். ஒன்று அறுந்தால் ஷேக்கிள் குண்டாகப் பறக்கும்.

ஊரில் வண்டி மாட்டினால் கூட்டம் கூடும், பிள்ளைகள் முன்னால் வந்து நிற்பார்கள். 15 மீட்டருக்கு அப்பால், அதுவும் பக்கவாட்டில் அனுப்பிய பிறகே இழுக்கத் தொடங்குங்கள்.

ஆற்றைப் பற்றி ஒன்று. 2021 நவம்பர் வெள்ளத்துக்கு முன் வண்டி போன தடம் இன்றும் அப்படியே இருக்கும் என்று நம்ப வேண்டாம். மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே மூடி, உள்ளே தளர்ந்து கிடக்கும். இறங்கி நடந்து பார்த்துவிட்டு வண்டியை விடுங்கள்.

கவுண்டன்ய ஆற்றைக் கடக்கும்போது தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டது. இழுத்து ஸ்டார்ட் செய்யலாமா? – வாசகர், குடியாத்தம்

கூடவே கூடாது. சாவியைத் திருப்பவும் கூடாது. காற்று போகும் வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் போயிருந்தால், பிஸ்டன் மேலே வரும்போது தண்ணீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். கியரில் வைத்து இழுத்தாலும் இன்ஜின் சுற்றும், அதே சேதம்தான். நியூட்ரலில் போட்டுக் கரைக்கு இழுங்கள், பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஏர் ஃபில்டர் டப்பாவைத் திறங்கள். ஃபில்டர் நனைந்திருந்தால் மெக்கானிக் வரும்வரை தொடாதீர்கள். அவர் டீசல் வண்டியில் ஹீட்டர் பிளக்கை அல்லது இன்ஜெக்டரை, பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, தண்ணீரை வெளியேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இன்ஜின் தப்பித்தாலும் கியர் ஆயில், ஆக்சில் ஆயில் பாருங்கள். ஓடிச் சூடான ஆக்சில் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியே தண்ணீரை உறிஞ்சும். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் மாற்றியாக வேண்டும்.

ஓடுகிற தண்ணீர் முழங்காலுக்கு மேல் என்றால் திரும்பிப் போங்கள். இரண்டடி ஓட்டம் பெரும்பாலான வண்டிகளை அடித்துச்செல்லும்.

ஏரி உள்வாய் மேலே வெடித்துக் காய்ந்திருந்தது, நம்பி இறங்கிச் சேற்றில் மாட்டினோம். வின்ச் (கம்பியைச் சுற்றி வண்டியை இழுக்கும் மோட்டார்) இருக்கிறது, கம்பியைக் கட்ட மரமே இல்லை. – வாசகர், காவேரிப்பாக்கம்

ஸ்டெப்னியைப் புதையுங்கள். இழுக்கும் திசைக்குக் குறுக்காக மூன்றடி ஆழத்துக்குக் குழி. வண்டிப் பக்கம் கேபிள் சரிவாகப் போக ஒரு வாய்க்கால். ரிம் நடுவில் பெல்ட்டை நுழைத்து, பின்புறம் கடப்பாரையைக் குறுக்கே கொடுத்துச் சக்கரத்தைச் செங்குத்தாக இறக்கி, மண்ணைப் போட்டு மிதியுங்கள். ஒரு மணி நேர வேலை, ஆனால் பிடிக்கும். குழியைச் சேற்றில் தோண்டாமல் கெட்டி மண் இருக்கும் கரைப்பக்கம் தோண்டுங்கள். வின்ச் கம்பி டிரம்மில் குறைந்தது ஐந்து சுற்று மிஞ்ச வேண்டும்; இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பேட்டரி சில நிமிடத்தில் படுத்துவிடும். இன்னொரு முறை ஏரியில் இறங்குமுன் கடப்பாரையை ஓர் அடி குத்திப் பாருங்கள். ஈரம் ஒட்டி வந்தால் அந்த வழி வேண்டாம்.

மலையடிவாரத்தில் சீமைக்கருவேல முள் டயரின் பக்கவாட்டில் ஏறிவிடுகிறது. பஞ்சர் கிட் உதவுமா? காட்டுத் தடத்தில் போக அனுமதி வேண்டுமா? – வாசகர், அணைக்கட்டு

பக்கவாட்டுக்குப் பஞ்சர் கயிறு நிலைக்காது. ஓட ஓட அந்த இடம் வளைந்து கயிறு வெளியே வந்துவிடும். அதனால் முழு அளவு ஸ்டெப்னி, காற்று சரிபார்த்தது, கட்டாயம். முள்ளைக் கண்டவுடன் பிடுங்காதீர்கள். காற்று இறங்காமல் இருந்தால் அப்படியே மெதுவாகக் கடைவரை வந்துவிடலாம்.

அனுமதி வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது தமிழ்நாடு வனச் சட்டம், 1882-இன்படி குற்றம். அங்கே மாட்டிக்கொண்டால் இழுக்க டிராக்டரும் வராது. பட்டா நிலத்துத் தடத்திலும், மலைக் கிராமத்துக்கு மக்கள் போய்வரும் பாதையிலும் ஓட்டுங்கள். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள்.